ஒயரா, வைஃபையா, லோராவா, சிம்மா? பட்டறையில் எது தாக்குப்பிடிக்கும்

கோவை குறிச்சியிலோ சென்னை அம்பத்தூரிலோ இருப்பதுபோல ஒரு நடுத்தரப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்க்ரூ கம்ப்ரஸர், வரிசையாகச் சில சிஎன்சி இயந்திரங்கள், ஒரு பேனல் அறை, வளாகத்தின் கடைக்கோடியில் ஒரு போர்வெல். இவை எவ்வளவு நேரம் ஓடுகின்றன, எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்பதை ஒரே திரையில் பார்க்க வேண்டும். ஐஓடி, அதாவது இயந்திரங்களை நெட்வொர்க்கோடு இணைப்பது, என்று பேச்சை எடுத்ததுமே முதலில் வரும் கேள்வி, "எந்த போர்டு வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 2016ல் வந்த இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ளடங்கிய குட்டிக் கணினி போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, கற்றுக்கொள்ள வழிகாட்டிகளும் ஏராளம். அது போதும். உட்கார்ந்து யோசிக்க வேண்டியது, இயந்திரத்திலிருந்து திரைக்குத் தகவல் எந்த வழியாக வரப்போகிறது என்பதை.

வழி நான்கு: ஒயர், வைஃபை, லோரா (சிறு செய்திகளை வெகுதூரம் கொண்டுபோகும் ரேடியோ), சிம் கார்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயர் இழுக்க முடிந்த இடத்தில் ஒயர்தான். மற்ற மூன்றும் ஒயர் போகாத இடத்துக்கு.

நான்கையும் ஒரே வேலையை வைத்து உரசிப் பார்க்கலாம். கம்ப்ரஸரில் காற்றுக் கசிவு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதே அந்த வேலை. எரிசக்தித் தணிக்கைக்கு வருபவர்கள் செய்யும் எளிய முறை இது. காற்று தேவைப்படும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட வேண்டும். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது அவ்வப்போது லோடு எடுக்கும், அதாவது காற்றை அழுத்தும். மற்ற நேரத்தில் காற்றை அழுத்தாமல் சும்மா சுற்றுவது அன்லோடு. ஒரு நிமிடம் லோடு, நான்கு நிமிடம் அன்லோடு என்றால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது கம்ப்ரஸர் திறனில் 20 சதவீதம் குழாய் இணைப்புகளிலும் ஓஸ்களிலும் வீணாகிறது என்று பொருள். இதற்கு விலை உயர்ந்த சென்சார் எதுவும் வேண்டாம். லோடில் மின்னோட்டம் ஏறும், அன்லோடில் இறங்கும். சில நொடிகளுக்கு ஒருமுறை மின்னோட்டத்தைப் படித்து அனுப்பினால் மேடும் பள்ளமுமாகக் கோடு வரும், கசிவும் கணக்குக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையே இதற்குச் சரியான நாள்.

ஒயர்

பேனல் கதவில் எண்கள் மின்னிக்கொண்டிருக்கும் மல்டிஃபங்ஷன் மீட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏ, பி என்று குறித்த இரண்டு டெர்மினல்கள் பல மீட்டர்களில் இருக்கும். பெரும்பாலும் அவற்றில் யாரும் எதையும் இணைத்திருக்க மாட்டார்கள். அதுதான் ஆர்எஸ்-485 போர்ட். 1983ல் வெளிவந்த தரம் அது. அதன்மேல் பேசும் மோட்பஸ் மொழி இன்னும் பழையது, 1979ல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினிகள்) உருவாக்கியது. முறுக்கிய இரண்டு ஒயரில் சுமார் 1,200 மீட்டர் வரை தகவல் போகும். ஒரே ஒயரில் வரிசையாக 32 சாதனங்களைக் கோக்கலாம், புதிய சிப்கள் என்றால் அதைவிட அதிகம். கம்ப்ரஸருக்கென்று தனி மீட்டர் இருந்தால் மின்னோட்டம், மின்னழுத்தம், பவர் ஃபேக்டர், யூனிட் எல்லாம் ஏற்கெனவே அளந்து தயாராக உள்ளே இருக்கும். நாம் கேட்டு வாங்கிக்கொள்வது மட்டுமே வேலை. மீட்டர் இல்லாவிட்டால், ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சிடி கிளாம்பை மாட்டிப் படிக்கலாம். ஆனால் அதை ஒரே ஒரு ஃபேஸ் ஒயரில் மாட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்து மாட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம்தான் காட்டும்.

இந்த வேலையை ஒரு எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்க, பேனலை ஷட்டவுன் எடுத்துத்தான் செய்ய வேண்டும். மீட்டருக்குப் பின்னால் வரும் சிடி ஒயரை லோடு ஓடும்போது கழற்றவே கூடாது. அப்படிக் கழற்றினால் அந்த முனைகளில் உயிருக்கே ஆபத்தான மின்னழுத்தம் எழும்.

ஒயரில் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு தயாரிப்பாளர் ஏ என்று குறிப்பதை இன்னொருவர் பி என்பார். பதில் வரவில்லையென்றால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம், அதனால் எதுவும் கெடாது. அடுத்தது முகவரிக் குழப்பம். மீட்டர் ஒவ்வொரு அளவையும் வைத்திருக்கும் எண்ணிட்ட பெட்டிதான் ரிஜிஸ்டர். கையேட்டில் 40001 என்று போட்டிருக்கும் ரிஜிஸ்டரை நிரலில் 0 என்று கேட்க வேண்டியிருக்கும். ஒன்று தள்ளிப் படித்தால் வேறு அளவு வந்து நிற்கும். தசம எண்கள் இரண்டு ரிஜிஸ்டரில் பிரிந்து கிடக்கும், அவற்றின் வரிசை மாறினால் அர்த்தமே இல்லாத எண் வரும். இதற்கெல்லாம் ஒரு நல்ல வழி இருக்கிறது. முதலில் ஃப்ரீக்வென்சி ரிஜிஸ்டரைத் தேடுங்கள். நம் ஊரில் அதன் விடை 50ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும். அது சரியாக வந்துவிட்டால் முகவரி, வரிசை, வேகம் எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று தைரியமாக மேலே போகலாம்.

போர்டுக்கும் ஒயருக்கும் நடுவே வைக்கும் சிப்பில் கவனம் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மேக்ஸ்485 மாட்யூல் 5 வோல்ட்டில் வேலை செய்வது. இஎஸ்பி32 பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. மேக்ஸ்3485 என்று கேட்டு வாங்குங்கள். ஒயரை விஎஃப்டியிலிருந்து (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டாருக்குப் போகும் கேபிளோடு ஒரே ட்ரேயில் ஓட்டாதீர்கள். நட்சத்திரம்போல நாலா பக்கமும் கிளை விடாமல் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகக் கொண்டுபோங்கள். நீளம் அதிகமானால் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர். இவ்வளவு செய்துவிட்டால் அப்புறம் அது பாட்டுக்கு ஓடும். பாஸ்வேர்டு கிடையாது, சிக்னல் கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது. ஏதாவது கெட்டுப்போனாலும் பட்டறை எலக்ட்ரீஷியனே டெஸ்டரும் மல்டிமீட்டருமாக வந்து ஒயர் எங்கே அறுந்தது என்று பார்த்துவிடுவார். ஒயரை நான் முதலில் வைப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். சோதனையை ஆரம்பித்த இன்ஜினியர் வேலை மாறிப் போன பிறகும் அது உயிரோடிருக்கும்.

வைஃபை

மேசைமேல் வைத்துச் சோதிக்க இதைவிட வேகமான வழி கிடையாது. காலையில் ஆரம்பித்தால் மதியத்துக்குள் திரையில் கோடு வந்துவிடும். கசிவுக் கணக்குக்குத் தேவையான வேகமும் தாராளமாக உண்டு. சிக்கலெல்லாம் பட்டறைக்குள் கொண்டுபோன பிறகுதான். தகரக் கூரை, இரும்பு இயந்திரங்கள், போதாததற்கு நாமே போர்டை இரும்புப் பேனல் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். ஆன்டெனா பெட்டிக்கு வெளியே வர வேண்டும். அதற்கு வெளி ஆன்டெனா மாட்டக்கூடிய போர்டாகப் பார்த்து வாங்க வேண்டும். இஎஸ்பி32 போர்டுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும், ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் அமைக்கப்பட்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. அனலாக் சென்சாரைப் படிக்க இஎஸ்பி32ல் ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு பின் தொகுதிகள் உண்டு. வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்களில் அதைப் படிக்க முடியாது என்பதையும் இணைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது, ஏடிசி1 பின்களைப் பயன்படுத்துங்கள்.

இவற்றையெல்லாம் சரிக்கட்டிவிடலாம். நமக்குக் கட்டுப்படாத ஒன்று மீதி இருக்கிறது. ரவுட்டர் நம் கையில் இல்லை. அலுவலகத்தில் யாரோ ஒருவர் பாஸ்வேர்டை மாற்றுவார், அதோடு பட்டறையில் எல்லாம் நின்றுபோகும். வைஃபைதான் என்று முடிவெடுத்தால் இயந்திரங்களுக்கென்று தனி ரவுட்டர் வையுங்கள், யூபிஎஸ்ஸோடு. அலுவலகக் கணினிகள் இருக்கும் நெட்வொர்க்கில் இந்தச் சாதனங்களைச் சேர்க்காதீர்கள். 2016ல் மிராய் என்ற தீநிரல், பெட்டியிலிருந்து எடுத்தபடியே பாஸ்வேர்டு மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத்தான் இணையத்தின் பெரிய தளங்களை முடக்கியது.

லோரா

போர்வெல்லுக்கு வருவோம். பேனல் அறையிலிருந்து தூரம், நடுவில் லாரி போகும் தடம். அங்கே வைஃபை எட்டாது, ஒயர் இழுக்கத் தரையைத் தோண்ட வேண்டும். இங்கேதான் லோரா தன் தகுதியைக் காட்டுகிறது. பிரான்ஸின் கிரனோபிளில் சைக்ளியோ என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய நுட்பம் இது. 2012ல் செம்டெக் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, விதித்த வரம்புக்குள், உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். 915 மெகாஹெர்ட்ஸுக்கான மாட்யூல்களும் சந்தையில் கலந்து கிடைக்கும், அவை இங்கே வேண்டாம். 868 என்று போட்டிருப்பதை வாங்கி நிரலில் நம் அலைவரிசைக்கு அமைத்துக்கொள்ளலாம். ஆன்டெனாவை மாட்டாமல் மின்சாரம் கொடுத்து அனுப்ப விட்டால் சிப் பழுதாகலாம், அதைச் செய்யாதீர்கள்.

லோராவில் தூரமும் வேகமும் ஒன்றுக்கொன்று எதிரி. மிக வேகமான அமைப்பில் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத ஒரு சிறு செய்தி, மிகத் தொலைவுக்கான அமைப்பில் ஒன்றரை நொடி காற்றில் இருக்கும். பல சாதனங்கள் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று மோதி இரண்டும் தொலையும். ஆகவே கம்ப்ரஸரின் மின்னோட்டத்தைச் சில நொடிக்கொரு தடவை லோராவில் அனுப்புவது பொருந்தாது. லோடு எத்தனை நிமிடம், அன்லோடு எத்தனை நிமிடம் என்று போர்டே அங்கேயே கூட்டிவைத்துக்கொண்டு, கால் மணிக்கொரு முறை இரண்டே எண்களை அனுப்பினால் கச்சிதமாக நடக்கும். தண்ணீர் மட்டம், போர்வெல் ஓடிய நேரம் போன்ற மெதுவாக மாறும் சங்கதிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. சோதனைக்கு, பல சாதனங்களின் செய்திகளை ஒரே நேரத்தில் வாங்கும் எட்டு சேனல் கேட்வே எதுவும் வேண்டாம், இரண்டு மாட்யூல்கள் நேருக்கு நேர் பேசினாலே போதும். ஆனால் வெறும் லோராவில் மறையாக்கம் கிடையாது, அதன்மேல் ஓடும் நெட்வொர்க் நெறிமுறையான லோராவானில்தான் ஏஇஎஸ்-128 மறையாக்கம் சேர்ந்து வரும்.

சிம்

ஊருக்கு வெளியே கிடங்கு, வாடகைக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஜெனரேட்டர். இப்படி நம் ஒயரும் ரவுட்டரும் இல்லாத இடத்துக்கு சிம்தான். மலிவாக இருக்கிறது என்று பழைய 2ஜி மாட்யூலை வாங்க வேண்டாம். ஜியோவில் 2ஜியே கிடையாது, சிம்800 போன்றவை அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுத்து, பவர் சப்ளை சிறியதாக இருந்தால் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். 4ஜியில் இயந்திரங்களுக்குப் போதுமான குறைந்த வேக வகையான கேட்-1 மாட்யூல்தான் சரி. இயந்திரங்களுக்கென்றே 13 இலக்க எண்ணோடு எம்2எம் சிம் இருக்கிறது, நிலையாக வைக்கப்போகிறீர்கள் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த வழியானாலும் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். திரையில் கோடு பூஜ்யத்தில் கிடக்கிறது. இயந்திரம் நின்றதா, நம் சாதனம் செத்ததா? இரண்டையும் பிரித்துக் காட்டாத திரையை ஃபோர்மேன் ஒரு வாரம்கூட நம்ப மாட்டார். சாதனங்கள் ஒரு சர்வர் வழியே செய்தி பரிமாறிக்கொள்ளும் எம்க்யூடிடி என்ற நெறிமுறையில் இதற்கு 'லாஸ்ட் வில்' என்ற வசதி இருக்கிறது. சாதனம் சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பை இழந்தால், அது முன்கூட்டியே கொடுத்துவைத்த செய்தியை, அதைக் கேட்கப் பதிந்திருக்கும் எல்லோருக்கும் சர்வர் அறிவித்துவிடும். 1999ல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க எழுதப்பட்டது எம்க்யூடிடி. தொடர்பு அறுவது சகஜம் என்று எடுத்துக்கொண்டே அதை வடிவமைத்தார்கள். ஒயரில் மோட்பஸ் பதில் வரவில்லை என்றால் அதையும் '0' என்று பதியாமல் 'பதில் இல்லை' என்றே பதியுங்கள். லோராவில் கடைசிச் செய்தி எப்போது வந்தது என்ற நேரத்தைப் பக்கத்தில் காட்டுங்கள்.

திரையை எங்கே வைப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. மேனேஜர் அறையில் மட்டும் வைத்தால், தங்களை உளவு பார்க்கிறார்கள் என்றே தொழிலாளிகள் நினைப்பார்கள், நினைப்பதில் தவறும் இல்லை. கம்ப்ரஸர் அறை வாசலிலேயே வையுங்கள். எந்த ஓஸ் கசிகிறது என்று அதோடு தினமும் பழகுபவருக்குத்தான் தெரியும்.

போர்வெல்லை போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்யலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அளப்பதில் ஒரு செய்தி தவறினால் கோட்டில் ஒரு புள்ளி குறையும், அவ்வளவுதான். 'நிறுத்து' என்ற செய்தி தவறினால் மோட்டார் வறண்டு ஓடிக் கருகும். அதனால் லோராவோ சிம்மோ எதுவாக இருந்தாலும், ஆன் செய்யும்போதே எத்தனை நிமிடம் என்பதையும் சேர்த்து அனுப்பி, நேரம் முடிந்ததும் மோட்டார் பக்கத்துச் சாதனமே நிறுத்துமாறு எழுதுங்கள். ஓவர்லோடு ரிலே, டிரை-ரன் பாதுகாப்பு, கையால் அழுத்தும் ஸ்டாப் பட்டன், ஆட்டோ–மேனுவல் சுவிட்ச் ஆகியவை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒயரிலேயே இருக்கட்டும், நம் நிரல் அவற்றைத் தாண்டிப் போக வழி இல்லாதபடி.