போஸ்ட்கிரெஸ்: எக்ஸ்பிளெய்ன் கட்டளைக்காகவே ஒரு பரிந்துரை

காரைக்குடியில் ஆத்தங்குடிக் கற்கள் விற்கும் கடை ஒன்றின் விற்பனைப் பதிவுகளை நான்கு ஆண்டுகளாகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பராமரித்து வருகிறேன். இலவசம் என்பதால் தேர்ந்தெடுத்தேன். இன்று பிறருக்குப் பரிந்துரைப்பதற்கு 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' என்னும் கட்டளையே காரணம். தரவைக் கேட்டு நாம் எழுதும் வினவலின் முன்னால் அதைச் சேர்த்து இயக்கினால், தரவுத்தளம் எந்த வழியில் தேடியது, ஒவ்வொரு படியிலும் எத்தனை வரிசைகளை எதிர்பார்த்தது, உண்மையில் எத்தனை வந்தன, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையெல்லாம் எழுதிக் காட்டிவிடும்.

மார்ச் மாத விற்பனையைக் கேட்ட என் வினவல் மிகவும் மெதுவாக ஓடியது. தேதிக்கு இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப் பட்டியல்) இருந்தும், தேதியிலிருந்து ஆண்டையும் மாதத்தையும் பிரித்தெடுத்து ஒப்பிடும்படி நான் எழுதியிருந்ததால் அது பயன்படாமல் போய், அட்டவணை முழுவதும் படிக்கப்பட்டது. '2024 மார்ச் 1 முதல், ஏப்ரல் 1க்கு முன்' என்று மாற்றி எழுதியதும் அதே இன்டெக்ஸ் பயன்பாட்டுக்கு வந்தது. கணினியில் வேறு எதையும் மாற்றவில்லை.

பெயர்த் தேடலும் இப்படித்தான். அகரவரிசைப்படுத்திய பெயர்ப்பட்டியல் உள்ள பேரேட்டில் 'வள்ளி' எனத் தொடங்கும் கணக்குகளை உடனே எடுத்துவிடலாம். 'யப்பன்' என முடியும் கணக்குகளைக் கேட்டால், செட்டிநாட்டில் அத்தகைய பெயர்கள் எத்தனையோ இருக்க, பட்டியல் முழுவதையும் படித்தாக வேண்டும். மதிப்புகளை வரிசைப்படுத்தி வைக்கும் வழக்கமான 'பி-ட்ரீ' வகை இன்டெக்ஸுக்கும் இதே வரம்பு உண்டு. தமிழில் பெயர்களைச் சேமிப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தரவுத்தளத்தின் வரிசைமுறை (எழுத்துகளை அடுக்கும் விதி), 'சி' எனப்படும் எளிய பைட் வரிசை அல்லாத வேறொன்றாக இருந்தால், 'வள்ளி' எனத் தொடங்குவதை 'லைக்' என்னும் ஒப்பீட்டுச் சொல்லைக் கொண்டு தேடும்போதுகூடச் சாதாரண இன்டெக்ஸ் உதவாது, 'டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ்' (text_pattern_ops) என்று குறிப்பிட்டுத் தனி இன்டெக்ஸ் உருவாக்க வேண்டும். புதியவர்கள் இதை அறியாமல் வீணாகத் திகைப்பார்கள் என்பதே என் கவலை.

'வித்' (WITH) என்னும் சொல்லைக் கொண்டு எழுதும் துணை வினவல்களை, 2019இல் வந்த 12ஆம் பதிப்புக்கு முன்பு போஸ்ட்கிரெஸ் தனியாகவே கணக்கிட்டுவந்தது. இப்போது பெரும்பாலும் முதன்மை வினவலோடு இணைத்துத் திட்டமிடுகிறது. ஆகவே பழைய பதிப்பை நிறுவ வேண்டாம்.

குறை என்றால், எக்ஸ்பிளெய்ன் தரும் விளக்கத்தைப் படிக்கப் பழக்கம் தேவை. அதில் காணும் 'காஸ்ட்' நொடிக்கணக்கு அல்ல. ஒரு பக்கத்தை வரிசையாகப் படிக்க 1, தாவிப் படிக்க 4 என்னும் இயல்புநிலை மதிப்புகளை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீடு. மேலும், 'அனலைஸ்' வினவலை உண்மையாகவே இயக்கிவிடும் என்பதால், பதிவுகளை நீக்கும் வினவலைச் சோதிப்பவர்கள் முதலில் 'பிகின்' கொடுத்து, விளக்கத்தைப் பார்த்தபின் 'ரோல்பேக்' கொடுத்து மாற்றங்களைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும்.