வீட்டுக் கம்ப்யூட்டரில் செக்யூரிட்டி லாக்: இரண்டரை வருட அனுபவம்

நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன் மூவருக்கும் ஒரே மெஷின்தான், ஆளுக்கொரு அக்கவுண்ட். விண்டோஸ் 10 ப்ரோவில் ஆடிட்டிங்கை, அதாவது யார் நுழைந்தார்கள், என்ன மாற்றினார்கள் என்று செக்யூரிட்டி லாக்கில் (பதிவேட்டில்) குறித்துவைக்கும் வசதியை, ஆன் செய்தேன், இப்போது 11-இல் ஓடுகிறது.

முதல் நாளே சொதப்பல். லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறந்தால் ஆடிட் பாலிசிக்குக் கீழே ஒன்பது வரிகள் இருக்கும். எல்லாம் பாதுகாப்புக்குத்தானே என்று ஒன்பதிலும் சக்சஸ், ஃபெயிலியர் இரண்டையும் டிக் செய்துவிட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் காலையில் நடந்தது ஒன்றுகூட லாக்கில் இல்லை. பக்கம் பக்கமாக 5156 (லாக்கில் ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஓர் எண் உண்டு). ஒன்பதில் ஒன்றான ஆப்ஜெக்ட் ஆக்சஸை மொத்தமாக ஆன் செய்தால், ஃபயர்வால் அனுமதிக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பதிவு விழும். பிரவுசரைத் திறந்து வைத்தாலே போதும், கொட்டும். லாக்கின் அளவோ வெறும் 20 எம்பி. நிரம்பியதும் பழைய பதிவுகளை அழித்து எழுதிக்கொண்டே போகும்.

அன்றே லாகான், அக்கவுண்ட் மேனேஜ்மென்ட், பாலிசி சேஞ்ச் மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன். லாக்கைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் அளவை 200 எம்பி ஆக்கினேன். ஹோம் எடிஷன்காரர்களுக்கு இந்த பாலிசி விண்டோ கிடையாது. அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஆடிட்பால் (auditpol) கட்டளைதான் வழி.

அடுத்தது பயம். இரவு மூன்று மணிக்கு 4672: புதிதாக லாகின் ஆனவருக்குச் சிறப்பு அதிகாரம் கொடுக்கப்பட்டதாம்! வியர்த்துவிட்டது. அக்கவுண்ட் பெயரைப் பார்த்தால் 'சிஸ்டம்'. விண்டோஸின் சொந்த சர்வீஸ்கள் தினமும் இப்படி நூறு முறை உள்ளே வரும். 4624-இல், அதாவது வெற்றிகரமாக நுழைந்ததற்கான பதிவில், லாகான் டைப்பை (எந்த வழியில் நுழைந்தார் என்ற எண்ணை) பார்க்கப் பழகிய பிறகுதான் நிம்மதி: 2 என்றால் நேரில் உட்கார்ந்து நுழைந்தவர், 3 நெட்வொர்க் வழி, 5 சர்வீஸ், 7 லாக் ஸ்கிரீனைத் திறந்தது, 10 ரிமோட் டெஸ்க்டாப் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து இதை இயக்குவது).

யார் உள்ளே வந்தார்கள் என்று பார்ப்பதிலேயே மூன்று மாதம் போயிற்று. யார் வர முயன்று தோற்றார்கள் என்று பார்க்கத் தோன்றவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா 4625-ஐ, அதாவது தோற்ற லாகின்களை, ஃபில்டர் செய்தேன். ஆயிரக்கணக்கில்! அட்மினிஸ்ட்ரேட்டர், டெஸ்ட், யூசர் என்று வாய்க்கு வந்த பெயர்கள், சம்பந்தமே இல்லாத ஐபி முகவரிகள். சப் ஸ்டேட்டஸ் (தோல்விக்கான காரணக் குறியீடு) 64 என்று முடிந்தால் அப்படி ஒரு அக்கவுண்டே இல்லை என்று பொருள். 6ஏ என்றால் பெயர் சரி, பாஸ்வேர்ட் தவறு. நல்லவேளை, பெரும்பாலும் 64.

காரணம் நான்தான். 2020 லாக்டவுனில் அலுவலக வேலைக்காக ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கி, ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை இந்த மெஷினுக்குத் திறந்துவிட்டு மறந்தே போயிருக்கிறேன். ஒன்றைக் கவனியுங்கள்: இந்த ரிமோட் டெஸ்க்டாப் முயற்சிகள் டைப் 10 ஆகப் பதிவாகவில்லை. என்எல்ஏ (நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன்) இருந்தால் டெஸ்க்டாப் வருவதற்கு முன்பே பாஸ்வேர்ட் சரிபார்ப்பு நடந்துவிடுவதால் டைப் 3 என்றே விழும். அன்றே போர்ட்டை மூடினேன். மறுநாள் ஒன்றுகூட இல்லை.

4688-ஐயும், அதாவது எந்த புரோகிராம் எப்போது ஓடியது என்பதையும், கமாண்ட் லைனோடு ஒரு மாதம் ஓடவிட்டேன். கட்டளையில் அடித்த பாஸ்வேர்டுகூட அப்படியே பதிவாகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். எஸ்எஸ்டி என்பதால் வேகத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

வீட்டில் முன்பே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். இருந்தாலும் நள்ளிரவு 1:40-க்கு மகன் லாக் ஸ்கிரீனைத் திறந்ததை ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "என்னப்பா, ஹாஸ்டல் வார்டனா நீங்க?" என்றான். டைப் 7 பக்கம் இப்போது போவதில்லை.

அட்மின் உரிமை உள்ள யாரும் லாக்கை அழிக்கலாம். அழித்ததற்குச் சாட்சியாக 1102 மட்டும் மிஞ்சும். அதனால் மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு பிரதி. இந்த மாதம் 4625 மொத்தம் பதினொன்று. பதினொன்றும் எங்கள் வீட்டுக் கைவரிசை: கேப்ஸ் லாக்.