டாக்டராகிவிட்டா, நேராகவா? பொதுச் சுகாதாரப் படிப்புக்கு இரு பாதைகள்

கோலாலம்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுத் தேர்வு) முடித்த பிள்ளை பொதுச் சுகாதாரம் படிக்க விரும்பினால், ‘அப்படியென்றால் டாக்டர் ஆகப் போவதில்லையா?’ என்ற கேள்விதான் முதலில் எழும். கேள்வியில் பிழையில்லை. மருத்துவம் முடித்துவிட்டு இத்துறைக்குள் வருவது ஒரு பாதை. புள்ளியியல், உணவியல், சுற்றுச்சூழல் சுகாதாரம் போன்ற பட்டத்தோடு நுழைவது மற்றொன்று.

இத்துறை எதைக் கற்பிக்கிறது என்பதற்கு நம் நாட்டில் நடந்த ஒன்றே போதும். 1998இன் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் பரவிய மூளைக்காய்ச்சலைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணிப் புகையடிப்பும் தடுப்பூசியும் முடுக்கிவிடப்பட்டன. ஆனால் அந்நோய் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது; இங்கே நோயில் விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் உழைத்த வயது வந்த ஆண்கள், அவர்களுள் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்ற அந்தக் கணக்குதான் நோய்ப்பரவலியல். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார், அதுவே நிப்பா. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தனர்; ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

மருத்துவப் பாதை நீளமானது. 5 ஆண்டுப் பட்டம், 2 ஆண்டுப் பயிற்சி மருத்துவப் பணி, அதன்பின் முதுகலையும் முனைவர் பட்டமும். தனியார் கல்லூரி என்றால் சில லட்சம் ரிங்கிட் செலவாகும். 2016 டிசம்பர் முதல் புதிய அரசு மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையிலேயே சேர்க்கப்பட்டு வந்ததையும் பெற்றோர் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் மாவட்டச் சுகாதார அதிகாரி நாற்காலியும் பொதுச் சுகாதார மருத்துவ நிபுணர் என்ற தகுதியும் இந்தப் பாதையில் வருபவருக்கே உரியவை.

மற்றப் பாதையில் மூன்று நான்கு ஆண்டுப் பட்டமும் ஓரிரு ஆண்டு முதுகலையும் போதும். அந்த நாற்காலி கிட்டாது என்பதை மறைப்பதில் பயனில்லை. எனினும் டெங்கி பரவும் அடுக்குமாடிகளில் நீர்த்தொட்டிகளைச் சோதிப்பவர், கொசுக்களை ஆராயும் பூச்சியியலாளர், நோயெண்ணிக்கையிலிருந்து போக்கைக் கணிக்கும் புள்ளியியலாளர் ஆகியோர் டாக்டர் பட்டம் இன்றியே இத்துறையைத் தாங்குகிறார்கள். எண்களோடு உறவாடுவதில் இவர்களுள் பலர் மருத்துவர்களைவிடத் தேர்ந்தவர்கள் என்பது என் கணிப்பு. மருத்துவப் படிப்பில் புள்ளியியலுக்குக் கிடைக்கும் இடம் சிறிது.

நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் ஆசை உள்ளவர் மருத்துவத்தையே எடுக்கட்டும். அவர் பின்னால் மனம் மாறி இங்கே வரலாம். அந்த ஆசையே இல்லாத பிள்ளையை, டாக்டர் என்ற சொல்லுக்காக மட்டும் அந்த நீண்ட பாதையில் தள்ளுவதை நான் ஏற்கவில்லை. இரண்டாம் பாதையை எடுப்பவர், முதுகலைச் சேர்க்கைக்கு மருத்துவப் பட்டமோ பணி அனுபவமோ கேட்கப்படுகிறதா என்பதை, இளங்கலைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் விசாரித்துவிட வேண்டும்.