பாவம் இல்லாவிட்டாலும் கடவுள் மனிதராகியிருப்பாரா?

ஆதாம் தவறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இறைமகன் மனித உடல் எடுத்து வந்திருப்பாரா? இடைக்கால இறையியலாளர்கள் இதில் இரண்டாகப் பிரிந்தார்கள்.

டொமினிக்கன் துறவி தாமஸ் அக்குவினாஸ் (இறப்பு 1274) அடக்கமாகவே பதில் சொல்கிறார். கடவுளின் சித்தம் நமக்குத் தெரிவது வேதத்தின் வழியாக. வேதமோ பாவத்தையே காரணமாகக் காட்டுகிறது. பாவிகளை மீட்கவே கிறிஸ்து உலகிற்கு வந்தார் என்கிறார் பவுல் (1 தீமோ. 1:15). ஆகவே பாவம் இல்லையேல் மனுவுருவாதலும், அதாவது கடவுள் மனிதராவதும், இல்லை என்பதே பொருத்தம். இருந்தும் கடவுளின் வல்லமைக்கு அவர் வேலி போடவில்லை. வந்திருக்க முடியும் என்கிறார்.

பிரான்சிஸ்கன் துறவி ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் (இறப்பு 1308) தலைகீழாகத் தொடங்குகிறார். ஒழுங்காகத் திட்டமிடுபவர் முதலில் நினைப்பது இலக்கை. தம்மை முழுமையாக நேசிக்கும் ஒருவர் படைப்புக்குள் இருக்க வேண்டும் என்று கடவுள் ஆதியிலேயே விரும்பினார், அவரே கிறிஸ்து. கடவுளின் செயல்களிலேயே மிக உயர்ந்தது, ஒரு மனிதனின் தடுமாற்றத்தால் தற்செயலாக நேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? எல்லாம் கிறிஸ்து வழியாய், அவருக்காகப் படைக்கப்பட்டன என்கிற கொலோசெயர் 1:16 இதற்கு வலுவான துணை. பாவத்தில் விழுந்த மனிதருக்காக அவர் பாடுபட்டு மரித்தார் என்பதை ஸ்கோட்டஸ் மறுக்கவில்லை. வருகைக்கே அது காரணமல்ல என்கிறார், அவ்வளவுதான்.

குற்றவுணர்வில் நொறுங்கியிருப்பவருக்கு அக்குவினாஸின் பதில்தான் மருந்து, அதை நான் முழுமனதோடு சொல்வேன். ஆனாலும் என் மனம் ஸ்கோட்டஸ் பக்கமே சாய்கிறது: பெத்லகேம் குழந்தை நம் பிழையைச் சரிசெய்ய மட்டும் அனுப்பப்பட்டவர் அல்ல, நம்மோடு இருக்க முதலிலிருந்தே விரும்பியவர். கத்தோலிக்கத் திருச்சபை இரண்டில் எதையும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கவில்லை.