மாற்றுச் சிறுநீரகத்துக்கு மருந்து எடுப்பவர்கள் நம்பிப் போகக்கூடிய கடை

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் மருந்துக்கடைகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் டக்ரோலிமஸ் வாங்க நான் ஒரே கடைக்குத்தான் போகிறேன். தம்பிக்கு அம்மாவின் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறது. உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க, காலையும் இரவும் 12 மணித்தியால இடைவெளியில் இந்தக் குளிசையை அவன் விழுங்கவேண்டும்.

வேறொரு கடையில் மில்லிகிராம் ஒன்றுதானே என்று, ஒரு சொல்லும் சொல்லாமல் வேறு கொம்பனிக் குளிசையைக் கட்டித் தந்தார்கள். இங்கே கடைக்கார ஐயா அப்படிச் செய்வதில்லை. "தங்கச்சி, இது வேற கொம்பனி. டொக்டரைக் கேட்டிட்டு வாங்கோ. மாத்தினா இரத்தத்தில மருந்து எவ்வளவு நிக்குதெண்டு திரும்பப் பாக்கவேணும்" என்பார். அளவு ஏறினால் சிறுநீரகத்துக்கே கேடு, இறங்கினால் உடம்பு தள்ளத் தொடங்கிவிடும்.

பெட்டிக்குள் இருந்த தாளைத் தம்பி ஒருநாள் வாசித்தான். எலிகளிலும் பபூன் குரங்குகளிலும் சோதித்தபோது முக்கியமாகச் சிறுநீரகமும் கணையமும் பாதிக்கப்பட்டன என்று பொடி எழுத்தில் இருந்தது. அம்மா சைவம். "வாயில்லாச் சீவன்களை வதைச்சோ இது வந்தது?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார்.

ஐயாவிடம் கேட்டேன். கூட்டம் இல்லாத மத்தியானம், ஆறுதலாகச் சொன்னார். ஜப்பானில் சுகுபா என்ற இடத்து மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து 1984-இல் கண்டுபிடித்த மருந்தாம். உறுப்பு மாற்றிய நாய்களுக்குக் கொடுத்தபோது இரத்தக் குழாய்கள் அழன்றுபோயின. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை நிபுணர் ரோய் கால்னின் குழு, இது மனிதருக்கு ஆகாது என்றே எண்ணியது. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் அதே துறை நிபுணர் தோமஸ் ஸ்டார்சல் விடவில்லை. தன் குழுவோடு விலங்குகளில் சோதித்துவிட்டு, 1989-இல் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். நாய்களுக்கு வந்த அந்தக் கேடு அவர்களுக்கு அப்படி வரவில்லை. எலியும் பபூனும் காட்டியவை வந்தன: சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு, சிலருக்குக் கணையம் பாதிக்கப்பட்டு நீரிழிவு. தம்பிக்குக் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும், இரத்தத்தில் சீனியும் ஏன் பார்க்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

நாயை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் குளிசை தம்பிக்குக் கிடைத்திருக்காது. விலங்குகளில் பார்க்காமலே கொடுத்திருந்தால் எதைக் கவனிக்கவேண்டும் என்றே தெரிந்திருக்காது. அந்தச் சீவன்களுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அது நியாயம்தான்.

சரி, கடையின் குறைகள். இருக்க ஒரு கதிரைகூட இல்லை. டயலிசிஸ் முடிந்து வருபவர்கள் படியில்தான் குந்துகிறார்கள். ஐயா இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். 0.5 மில்லிகிராம் அடிக்கடி முடிந்துவிடும். கையிருப்பு ஒரு கிழமைக்குக் குறைய முன்னரே போன் எடுத்துச் சொன்னால் கொழும்பிலிருந்து எடுத்து வைப்பார். டொக்டரின் துண்டு இல்லாமல் தரமாட்டார், மறக்காமல் கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை பூட்டு.