கூலன்ற் எண்டு பச்சைத் தண்ணி வித்தவங்கள், எனக்கு 386,500 ரூபா போச்சு

எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேற்றருக்கு விடுற கூலன்ற் எண்டு எனக்குச் சாயத் தண்ணி வித்த கடையில இருந்து, நேற்றுப் பின்னேரம் வெறுங்கையோட திரும்பி வந்தனான். ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. கோபம் ஆறமுதல் எழுதிப் போடவேணும் எண்டு விடியக்காலமையே குந்தியிருந்து எழுதுறன். வன்னிக்குள்ள டீசல் வாகனம் வச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து கடைசிமட்டும் வாசியுங்கோ. பஸ், லொறி, உழவு மெசின், வெட்டு மெசின் எதெண்டாலும் இது உங்களுக்கும்தான்.

கடையின்ர பெயரை எழுதேல்லை. முறைப்பாடு குடுத்து முடியுமட்டும் பெயர் போடவேண்டாம் எண்டு தெரிஞ்ச சட்டத்தரணி ஒருத்தர் சொல்லிப்போட்டார். ஏ9 ரோட்டில, முன்னுக்கு உதிரிப்பாகம் வித்து, பின்பக்கம் சேர்விசும் செய்யிற ஒரு கடை. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்லலாம்.

என்னட்டை இருக்கிறது ஒரு பழைய பஸ். கனடாவில இருக்கிற தம்பி காசு அனுப்ப, 26 சீற்றையும் கழட்டிப்போட்டு நாலு கட்டில், காஸ் அடுப்பு, ஒரு சின்னக் கக்கூஸ், ஏசி எல்லாம் வச்சுப் படுத்துப் போற பஸ்ஸா மாத்தினனாங்கள். வெளிநாட்டில மோட்டர் ஹோம் எண்டுவினம். எங்கட ஊர்ச் சனத்துக்கு அது படுக்கை பஸ். வெளியில இருந்து வாற குடும்பங்கள் வற்றாப்பளை, மடு, திருக்கோணேஸ்வரம், நுவரெலியா எண்டு நாலஞ்சு நாளைக்கு எடுக்குங்கள். 18 வருசம் லொறி ஓடின நான், இப்ப இதை நானே ஓடுறன். எங்கட வீட்டில அடுப்பெரியிறது இந்த பஸ்ஸாலதான்.

இதின்ர எஞ்சின் வெட் லைனர் எஞ்சின். லைனர் எண்டு பிஸ்டன் ஏறி இறங்கிற குழாய் இருக்கல்லோ, அதின்ர வெளிச்சுவரைத் தண்ணி நேர தொட்டுக்கொண்டு நிக்கும். இப்பிடியான எஞ்சினுக்குச் சும்மா கூலன்ற் காணாது, லைனரைக் காக்கிற அடிட்டிவ் எண்ட மருந்தும் அதுக்குள்ள இருக்கவேணும். அது குறைஞ்சால் திரும்பப் போடவேணும். இது எனக்கு முந்தியே தெரியும். தெரிஞ்சபடியால்தான் மலிவைப் பாக்காமல் நல்ல சாமான் தேடிப் போனனான். அப்பிடிப் போய்த்தான் ஏமாந்தனான்.

போன வருசம் ஆனி மாதம். கடைக்காரத் தம்பிக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். என்னைக் கண்ட உடனை, "அண்ணை, உங்களை எனக்குத் தெரியும்" எண்டான். எனக்குப் பிடிபடேல்லை. "மெனிக் பாம், இராமநாதன் முகாம். பவுசர் வாற இடத்தில எங்கட வாளியும் உங்கட வாளியும் பக்கத்தில பக்கத்தில இருக்கும். அம்மா காய்ச்சலோட வரிசையில நிக்கேலாமல் விழ, உங்கட மனுசிதான் தன்ர வாளித் தண்ணியைத் தூக்கிக் குடுத்தவ" எண்டான். சண்டை முடிஞ்சு எங்களை அடைச்சு வச்சிருந்த அந்த முகாமின்ர 2009 ஆவணி வெயில் அப்பிடியே கண்ணுக்கு முன்னால வந்திட்டுது. அது நடந்தது உண்மை. வீட்டை வந்து மனுசியைக் கேக்க, அந்தத் தாயின்ர முகம்கூட அவவுக்கு ஞாபகம் இருந்தது.

அதுக்குப் பிறகு நான் ஒண்டும் கேக்கேல்லை. ஸ்ரூல் எடுத்துப் போட்டு, பிளேன்ரீ ஊத்தித் தந்து, "உங்களுக்குக் கண்டதையும் தருவனே அண்ணை" எண்டு உள்ளுக்குப் போய் நாலு லீற்றர் கான் ஆறு கொண்டுவந்து வச்சான். கடும்பச்சை நிறம். டீசலுக்கெண்டே செய்தது, அடிட்டிவும் கலந்து வாறது, தண்ணி கலக்கத் தேவையில்லை, ரெண்டு வருசம் கவலையில்லை எண்டான். ஆறுமாசத்துக்கு ஒருக்கா ஒரு சின்னப் போத்தில் அடிட்டிவ் மட்டும் விட்டால் காணுமாம். என்ர கண்ணுக்கு முன்னாலதான் கானின்ர முத்திரையை உடைச்சவன். ரேடியேற்றர் கழுவி, எல்லாம் நிரப்பி 46,000 ரூபா. எண்ணிக் குடுத்தன். அரைக் கான் மிஞ்சினது. "பஸ்ஸில வச்சிருங்கோ அண்ணை, குறைஞ்சால் விடுங்கோ" எண்டான். அந்த அரைக் கான் மிஞ்சினது கடவுள் செயல் எண்டுதான் இப்ப நினைக்கிறன்.

மார்கழியில ஒரு போத்தில், இந்த ஆனியில ஒரு போத்தில், ஒண்டு 7,250 ரூபா. ரெண்டும் அதே கடையில. பங்குனியில றம்பொடை ஏத்தத்தில சூட்டு முள்ளு மேல ஏறினது. வந்து சொல்ல, ரேடியேற்றர் மூடி பிழையாம் எண்டு அதைப் பாத்துப்போட்டு, "தெர்மோஸ்ரற்றைக் கழட்டி எறிவம், குளிராய் ஓடும்" எண்டு சேர்விஸ் பெடியன் சொன்னவன். அதுக்கு மட்டும் நான் விடேல்லை. எஞ்சின் சூட்டை அளவாய் வச்சிருக்கிறது தெர்மோஸ்ரற்தான், அது இல்லாமல் எஞ்சின் தன்ர சூட்டுக்கு வராமல் ஓடினால் அதுவும் தேய்மானம்தான்.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லுறன். நல்லூர்த் திருவிழாவுக்கெண்டு வந்த ஒரு குடும்பம். வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டிட்டு மாங்குளம் பக்கம் திரும்பி வாறம். ஒட்டுசுட்டான் தாண்டிக் காட்டு ரோட்டு, பொழுதுபடுற நேரம். எஞ்சின் முக்கத் தொடங்கினது, பின்னால வெள்ளைப் புகை. நிப்பாட்டி ஓயில் கம்பியை இழுத்துப் பாத்தால் பால் தேத்தண்ணி மாதிரி இருக்கு. தண்ணி ஓயிலுக்குள்ள இறங்கிட்டுது எண்டு விளங்கினது. உள்ளுக்கு எழுபத்தெட்டு வயசு அம்மம்மா, ரெண்டு சின்னப் பிள்ளையள். யானை இறங்கிற ரோட்டு. வேற வான் பிடிச்சு அவையளை ஏத்தி அனுப்ப இரவு எட்டரை. அந்த அம்மம்மா போகேக்க என்ர கையைப் பிடிச்சு, "கவலைப்படாதை தம்பி" எண்டவ. வாங்கின அட்வான்சைத் திருப்பிக் குடுத்திட்டன். அந்தக் காசை 386,500க்குள்ள நான் சேர்க்கேல்லை.

பஸ்ஸைக் கட்டியிழுத்து மாங்குளத்தில ஒரு பழைய பாஸிட்டைக் கொண்டுபோனம். எஞ்சின் வேலையிலேயே தலை நரைச்ச மனிசன். ஹெட்டைக் கழட்டி, லைனரை வெளியில எடுத்து, துடைச்சு, என்ர கையில தந்து சூரியனுக்கு நேர பிடிக்கச் சொன்னார். ஊசி குத்தின மாதிரி மூண்டு ஓட்டையால வெளிச்சம் வருது. சுத்திவர முழுக்கப் பள்ளம் பள்ளமாய், கறையான் அரிச்ச மரம் மாதிரி. அதுவும் ஒரு பக்கத்திலதான், மேலிருந்து கீழ ஒரு வரியாய். பிஸ்டன் அந்தப் பக்கம்தான் தள்ளி அடிக்கிறது. அவர் சொன்னதை அப்பிடியே எழுதுறன்: "டீசல் வெடிக்கிற ஒவ்வொரு முறையும் லைனர் கோயில் மணி மாதிரி அதிரும். அதிரேக்க சுவரை விட்டுத் தண்ணி ஒரு கணம் விலகும், அதில குட்டிக் குட்டிக் குமிழ் வரும். தண்ணி திரும்பி வந்து அடிக்கேக்க குமிழ் உடையும். உடையிற அடி இரும்பைக் கொத்தும். அடிட்டிவ் இருந்தால் சுவரில மெல்லிய தோல் ஒண்டு கட்டும். அடி தோலில விழும், தோல் திரும்பக் கட்டும். உன்ர எஞ்சினில அந்தத் தோலே இருக்கேல்லை."

14 மாசத்தில இப்பிடி ஆகுமோ எண்டு கேட்டன். மீற்றரைப் பாக்காதை எண்டார். கோயில் வாசல்லயும் கடற்கரையிலயும் ஏசிக்காக ராத்திரி ராத்திரியா எஞ்சின் ஓடின மணித்தியாலம் மீற்றரில ஏறாது, லைனரிலதான் ஏறும்.

பிறகுதான் அந்த அரைக் கானை எடுத்துக் குடுத்தன். கூலன்றின்ர கலவை பாக்கிற சின்னக் கண்ணாடிக் கருவி ஒண்டு வச்சிருக்கிறார். ஒரு சொட்டு விட்டுப் பாத்தார். கோடு தண்ணி நிக்கிற இடத்திலயே நிண்டது. கூலன்றில இருக்கவேண்டிய கிளைக்கோல் ஒரு துளியும் இல்லை. சோதனைப் பட்டையைத் தோய்ச்சார். லைனரைக் காக்கிற நைத்திரைற்று இருந்தால் நிறம் மாறவேணும், மாறேல்லை. அடிட்டிவ் போத்திலின்ர அடியில கிடந்ததையும் பாத்தார், அதிலயும் பட்டை மாறேல்லை. கடைசியா ஒரு சில்வர் மூடியில கொஞ்சம் ஊத்தி அடுப்பில வச்சார். கூலன்ற் எண்டால் பிசுபிசுத்து நிக்கவேணும். இது கொதிச்சு வத்திப்போய் வெள்ளைப் பொருக்கு மிஞ்சினது. எங்கட வீட்டுக் கேத்திலின்ர அடியில படியிற அதே பொருக்கு. எங்கட கிணத்துத் தண்ணியில இருக்கிற கல்சியமும் மக்னீசியமும். கிணத்துத் தண்ணிக்குப் பச்சைச் சாயம் கலந்து, கானில அடைச்சு, முத்திரையும் வச்சு எனக்கு வித்திருக்கிறான். ரேடியேற்றர்க் குழாயுக்குள்ளயும் அதே பொருக்கு. றம்பொடையில ஏன் முள்ளு ஏறினது எண்டு அப்பதான் விளங்கினது.

கடைக்குக் குடுத்தது 60,500. லைனர், பிஸ்டன், றிங், பெயாரிங், ஹெட் கஸ்கற், லேத்தில ஹெட் முகம் சீவினது, ஓயில், கூலி எல்லாம் 326,000. மொத்தம் 386,500 ரூபா. மனுசியின்ர காப்பு ரெண்டும் அடகில இருக்கு.

முதல்ல போன் எடுத்தன். "அப்பிடியே அண்ணை? பாத்துச் சொல்லுறன்" எண்டான். லைனர்ப் படத்தை வட்ஸ்அப்பில போட்டன். பாத்திட்டான், பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை நேர போனன். முதலாளி கொழும்புக்குப் போட்டார் எண்டு பெடியன் சொல்லுறான், பின்பக்கம் அவன்ர குரல் கேக்குது. அரைமணித்தியாலம் நிண்டிட்டு வந்தன். புதன்கிழமை, கம்பனிக்கு எழுதிப் போட்டிருக்காம். எந்தக் கம்பனி எண்டு கேக்க லைன் கட்.

நேற்றுத்தான் ஆளைப் பிடிச்சன். ஸ்ரூல் இல்லை, தேத்தண்ணி இல்லை. "அண்ணை, வன்னியில என்ன பனியே கொட்டுது? இந்த வெக்கைக்குத் தண்ணி விட்டாலே காணும்" எண்டு என்ர முகத்துக்கு நேர சொல்லுறான். இந்தக் கதையை இன்னும் பலபேர் நம்புறபடியால் இதில நிண்டு சொல்லவேணும். கிளைக்கோலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்த கலவை சைபருக்குக் கீழ 37 பாகைமட்டும் உறையாது எண்டு கானில போட்டிருக்கும்தான். எங்களுக்கு அது தேவையில்லை. ஆனால் அதே கலவை 107 பாகை அளவிலதான் கொதிக்கும், ரேடியேற்றர் மூடி அமுக்கிப் பிடிக்கேக்க இன்னும் மேல போகும். வெறும் தண்ணி 100இல கொதிக்கும். ரெண்டாவது, துருவையும் லைனர் அரிப்பையும் தடுக்கிற மருந்து எல்லாம் கூலன்றுக்குள்ளதான் இருக்கு. பனி இல்லாத ஊருக்கும் இது தேவைதான்.

இதைச் சொல்ல, "நீங்கள் இடையில கிணத்துத் தண்ணி விட்டிருப்பியள்" எண்டான். அரைக் கானைத் தூக்கி மேசையில வச்சன். "இது எங்கட கான் எண்டதுக்கு பில் இருக்கே?" எண்டான். தந்த துண்டில கடைப் பெயரும் இல்லை, சாமானின்ர பெயரும் இல்லை, "சேர்விஸ் 46,000" எண்டு மட்டும் கையால எழுதிக் கிடக்கு. அந்தத் துண்டை வாங்கேக்க நான் பாக்கவே இல்லை. கடைசியா, "வேணுமெண்டால் ஒரு கான் சும்மா தாறன், கொண்டு போங்கோ" எண்டான். 386,500 ரூபாவுக்கு ஒரு கான். "தம்பி, முகாமில உன்ர அம்மாவுக்கு..." எண்டு தொடங்கினன். "அது அந்தக் காலம் அண்ணை, இப்ப ஏன் உதைக் கதைக்கிறியள்" எண்டிட்டு போனைப் பாக்கத் தொடங்கிட்டான். ஒரு வாளி தண்ணி குடுத்த வீட்டுக்கு ஆறு கான் தண்ணியைக் காசுக்கு வித்திருக்கிறான். காசு போனதை விட இதுதான் நெஞ்சுக்குள்ள நிக்குது.

எப்பிடிப் பராமரிக்கிறது எண்டு விபரமா எழுதத்தான் இருந்தனான், கை நடுங்குது, முக்கியமானதை மட்டும் சொல்லுறன். பச்சை, சிவப்பு, நீலம் எண்டு நிறத்தைப் பாத்து நம்பாதேங்கோ, நிறம் வெறும் சாயம். ரெண்டு வகையை ஒண்டாய்க் கலக்காதேங்கோ. பில்லில கடைப் பெயர், சாமான் பெயர், எத்தினை கான் எண்டு எழுதுவிச்சு வாங்குங்கோ. செறிவாய் வாங்கினால் பற்றரிக்கு விடுற வடிச்ச தண்ணிதான் கலக்கலாம், கிணத்துத் தண்ணி வேண்டாம். வெட் லைனர் எஞ்சின் எண்டால் சோதனைப் பட்டை வாங்கிப் பாத்திட்டு, குறைஞ்சால் மட்டும் அடிட்டிவ் விடுங்கோ, கூட விட்டால் அதுவே படிஞ்சு அடைக்கும். சூட்டோட மூடி திறக்காதேங்கோ. கழட்டின கூலன்றை நிலத்தில ஊத்தாதேங்கோ, இனிப்பாய் இருக்கும், ஆடு மாடு நாய் குடிச்சால் செத்துப்போகும், சின்னப் பிள்ளையளுக்கும் நஞ்சு.

திங்கட்கிழமை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு குடுக்கிறன், அவையின்ர இலக்கம் 1977. லைனர், அரைக் கான், துண்டு மூண்டையும் கொண்டு போறன். இதே மாதிரிக் கடும்பச்சை நாலு லீற்றர் கான் ஏ9 பக்கம் வாங்கின ஆக்கள் ஆராவது இருந்தால் எறிஞ்சு போடாதேங்கோ, உள்ளுக்கு மிச்சம் இருந்தால் அப்பிடியே மூடி வையுங்கோ. எனக்கு உள்பெட்டியில எழுதுங்கோ, ஒண்டாய்ப் போய்க் குடுப்பம்.