பவளத்தின் காதில் 7, காகிதத்தில் 1

சானென் என்ற பால் ஆட்டு இனத்தில் இரண்டு பெட்டைக்குட்டிகளை வாங்கப்போகும் நண்பர் போன வாரம் கேட்டார்: "பால் ஆட்டு இனப் பதிவுச் சங்கத்தில் சேர்ந்தால் பிரயோஜனம் உண்டா?" எட்டு வருடமாகச் சந்தா கட்டுகிறேன், ஆனாலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அன்று காலையில்தான் என் ஆடு பவளத்தை வாங்க வந்தவர் வாங்காமல் திரும்பிப் போயிருந்தார்.

பவளம் குட்டியாக இருந்தபோது அதன் காதில் நானே பச்சை குத்தினேன். இடுக்கியால் ஒரே அழுத்து. அப்புறம் பச்சை மையைப் பழைய டூத்பிரஷ்ஷால் ஊசித்துளைகளுக்குள் இறங்கும்வரை தேய்த்தேன். ஒரு காதில் பட்டி அடையாளம், மற்றதில் பிறந்த வருடத்தைக் குறிக்கும் எழுத்தும் 7 என்ற எண்ணும். சான்றிதழ் வந்தபோது அதில் 7 இருந்த இடத்தில் 1.

திருத்தக் கேட்டு எழுதினேன். மூலச் சான்றிதழை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். காதின் படம் கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். சில வாரம் கழித்துச் சான்றிதழ் திரும்பி வந்தது, அதே 1-உடன். மறுபடி எழுதி ஐந்து மாதம் ஆகிறது. இதற்குள் பவளம் ஈன்றுவிட்டது. தாயின் பதிவு சரியாகாமல் குட்டிகளைப் பதிய முடியாது. அன்று காலை வாங்க வந்தவர் பவளத்தின் காதுக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தார். வெளிச்சம் தோலை ஊடுருவி வர, 7 பளிச்சென்று தெரிந்தது. கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். "ஆடு நல்ல ஆடுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் மேல் தப்பில்லை. காதும் காகிதமும் ஒத்துப்போகாத ஆட்டை நானும் வாங்க மாட்டேன். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் பதிவுக்கே மதிப்பில்லை. (லாமாஞ்சா இனத்துக்குக் காது மடல் பெயருக்குத்தான் இருக்கும். அதையும் விடாமல் வாலடியில் குத்துகிறார்கள்.) விதியைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் கை எழுதிய பிழையை உங்கள் கையால் திருத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதே சங்கம் எனக்குச் செய்த நன்மையையும் சொல்ல வேண்டும். கிடா பால் கறக்காது. அதன் தாயும் மகள்களும் கறந்ததை வைத்துத்தான் அதை எடைபோட முடியும். ஒரு கிடாவின் தாய்க்கும் பாட்டிக்கும் 305 நாள் கறவைக் கணக்கும் கொழுப்பு அளவும் வரிசையாகக் கிடைப்பது பதிவேட்டில்தான். முதல் தடவை அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது ராத்திரி தூங்கவே மனசில்லை.

இன்னொன்று. என்னிடம் ஒரு மோழை ஆடு இருக்கிறது, பிறவியிலேயே கொம்பில்லாதது. அதற்கு நான் பார்த்து வைத்த கிடாவுக்கும் கொம்பில்லை. குட்டியிலேயே கொம்பு முளையைச் சுட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பதிவைத் திறந்தால் 'மோழை' என்று இருந்தது. மோழைக்கு மோழை சேர்த்தால், இரண்டு பக்கமும் அந்த மரபணுவை வாங்கிப் பிறக்கும் பெட்டைக்குட்டிகள் ஆணும் பெண்ணும் கலந்த உடலோடு, சினை பிடிக்காதவையாக வரும். கணக்குப்படி எட்டுக் குட்டியில் ஒன்று அப்படி ஆகலாம். கொம்புள்ள கிடாவைத் தேடிப் போனேன். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் எத்தனை குட்டியை அப்படி இழந்திருப்பேனோ.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? பதிவுள்ள பட்டியில் வாங்குங்கள். தாய்வழிக் கறவைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். காதை டார்ச் அடித்துப் பாருங்கள். சங்கத்தில் மட்டும் இப்போது சேர வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான், ஆனால் ஐந்து மாதமாகப் பதில் இல்லாத இடத்துக்கு இன்னொருவரை அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. பவளத்தின் காகிதத்தில் அந்த 1 ஏழாகி வரட்டும், அப்போது மறுபடி கேளுங்கள் என்றேன்.